வளர்வதா, தாக்குப்பிடிப்பதா?

வயலில் தண்ணீர் வற்றும்போது நெற்பயிர் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும்: தூர் கட்டிக் கதிர் விடுவதா, இலைத்துளைகளை மூடி உயிரைக் காத்துக்கொள்வதா? அந்த முடிவிலேயே கைவைத்துப் பார்த்தது ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் பி.பி.கீர்த்தியின் ஆய்வுக்குழு.

அவர்கள் எடுத்துக்கொண்ட ரகம் பி.பி.டி. 5204. ஆந்திராவின் பாபட்லாவிலிருந்து வந்த இந்தச் சம்பா மசூரி, தமிழ்நாட்டில் 'ஆந்திரா பொன்னி'. அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியின் 'டார்' மரபணுவை இந்த நெல்லில் சேர்த்தார்கள்.

டார், வளர்ச்சியை முடுக்கிவிடும் புரதம். ஆனால் தனித்து நின்று அதனால் அதிகம் சாதிக்க முடியாது. ராப்டர் என்ற இன்னொரு புரதம், டார் பாஸ்பேட் ஒட்ட வேண்டிய புரதங்களை அதன் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது. கட்டடத்துச் சாரம் செங்கல் அடுக்குவதில்லை. ஆனால் அது இல்லாமல் கொத்தனார் மேலே ஏற முடியாது. ராப்டரின் வேலையும் அதுதான்.

வறட்சி குறிவைப்பதும் இந்தச் சாரத்தைத்தான் என்று 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. தண்ணீர் இருக்கும்வரை, வறட்சியை அறிவிக்கும் அப்சிசிக் அமிலத்தின் உணர்விகளை டார் அடக்கி வைக்கிறது. வறட்சி வந்ததும் அந்த அமிலம் தூண்டிவிடும் நொதிகள் ராப்டர் மீதே பாஸ்பேட்டை ஒட்டுகின்றன. ராப்டர் டாரை விட்டு விலகுகிறது, வளர்ச்சி நிற்கிறது.

ஹைதராபாத் குழு 2017-இல் வெளியிட்ட முடிவை இதோடு சேர்த்துப் படிக்கலாம். டார் மிகுந்த நெற்பயிர்கள் குறைந்த நீரிலும் கூடுதல் மகசூல் காட்டின. அவற்றின் விதைகள் அப்சிசிக் அமிலம் இருந்தும் முளைத்தன. இங்கேதான் கவனம் வேண்டும். முதிர்ந்த கதிர் மழையில் நனைந்து வயலிலேயே முளைத்துவிடாமல் காப்பதும் அதே அமிலம்தான். அதன் சொல்லுக்கு மசியாத பயிர் எல்லாப் பருவத்திலும் லாபம் தருமா?

இதே சம்பா மசூரியில் தானிய எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் மரபணுவைத் திருத்தி, ஹைதராபாத்தின் இந்திய நெல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய 'கமலா' ரகம் 2025 மே மாதம் அறிவிக்கப்பட்டது. மரபணுவை அந்த அளவுக்கு நுணுக்கமாகத் திருத்தும் கருவி கையில் இருக்கும்போது, டாரை எந்நேரமும் முடுக்கிவைப்பதைவிட, ராப்டர் எப்போது விலக வேண்டும் என்பதைச் சீர்செய்வதே நல்ல வழி. வளரும் வேகத்தோடு, நிற்க வேண்டிய நேரத்தில் நிற்கவும் தெரிந்த நெல்தான் மழை பொய்த்த ஆண்டிலும் மழை கொட்டிய அறுவடையிலும் விவசாயிக்குக் கைகொடுக்கும்.