நெடுந்தூரப் போட்டிக்கு நான் தயாரா?

சென்ற வருடம் நமது கல்லூரியின் இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பழைய மாணவியாக வந்திருந்தேன். பரிசளிப்பு முடிந்து கூடாரங்களைக் கழற்றிக்கொண்டிருந்த வேளையில் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி பக்கத்தில் வந்து நின்றாள். "ராத்தா, நீங்க ட்ரையத்லன் செய்யிறீங்களாமே? சின்னத் தூரத்தில இருந்து பெரிய தூரத்துக்குப் போக நாங்க தயார் எண்டு எப்பிடித் தெரிஞ்சிகொள்ளுற?" என்று கேட்டாள்.

வாகனம் காத்துக்கொண்டிருந்தது. "ஆசை வந்தாப் போய்ப் பாருங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு ஏறிவிட்டேன். வீடு வந்து சேர்வதற்குள் அந்தப் பதில் என்னை உறுத்தத் தொடங்கிவிட்டது. ஆசையை மட்டும் நம்பிப் போனவள் நான். அதற்கான விலையையும் கொடுத்தவள். அன்று சொல்லியிருக்க வேண்டிய பதிலை இங்கே எழுதுகிறேன்.

ட்ரையத்லன் என்றால் என்ன?

நீச்சல், சைக்கிளோட்டம், ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைவிடாது ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் போட்டியே ட்ரையத்லன். நீரிலிருந்து வந்து சப்பாத்து மாட்டும் நேரமும் கணக்கில் சேரும். 1974 ஆம் ஆண்டு அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் தொடங்கிய இவ்விளையாட்டு, 2000 ஆம் ஆண்டு சிட்னியில் ஒலிம்பிக் போட்டியாகியது.

இதில் நான்கு தூரங்கள் பிரபலமானவை. குறுந்தூரம்: 750 மீற்றர் நீச்சல், 20 கிலோமீற்றர் சைக்கிள், 5 கிலோமீற்றர் ஓட்டம். ஒலிம்பிக் தூரம் அதன் இரு மடங்கு: 1.5, 40, 10 கிலோமீற்றர்கள். அடுத்தது அரைத் தூரம்: 1.9, 90, 21.1 கிலோமீற்றர்கள். கடைசியாக முழுத் தூரம்: 3.8, 180, 42.2 கிலோமீற்றர்கள்.

முழுத் தூரத்தின் அளவு எப்படி வந்தது என்பதை அறிந்தால் நமது மலைப்பு கொஞ்சம் குறையும். ஹவாய்த் தீவொன்றில் ஒரு கடல் நீச்சல் போட்டி, தீவைச் சுற்றும் ஒரு சைக்கிள் பயணம், ஒரு மரதன் என மூன்று தனித்தனி நிகழ்ச்சிகள் இருந்தன. ஜோன் கொலின்ஸ், ஜூடி கொலின்ஸ் என்ற தம்பதியரின் யோசனைப்படி 1978 இல் மூன்றையும் ஒரே நாளில் சேர்த்தார்கள். 15 பேர் தொடங்கினார்கள், 12 பேர் முடித்தார்கள். மனித உடலுக்கு உகந்தது என்று ஆராய்ந்து யாரும் தீர்மானித்த தூரமல்ல அது. ஆகவே, ஏறியே ஆக வேண்டிய ஏணிப்படிகளாக இந்தத் தூரங்களை நாம் எண்ணத் தேவையில்லை.

இலங்கையில் 2018 பெப்ரவரியில் கொழும்பில் அரைத் தூரப் போட்டி நடந்தது. வீதியோரம் நின்று அதைப் பார்த்தவர்களுள் நானும் ஒருத்தி. என் ஆசை அங்கேதான் தொடங்கியது.

தூரம் கூடும்போது என்ன மாறுகிறது?

குறுந்தூரத்திலிருந்து ஒலிம்பிக் தூரத்துக்குப் போவது பெரும்பாலும் கூடுதலான பயிற்சியைப் பற்றிய விடயம். அங்கிருந்து அரைத் தூரத்துக்குப் போவது அப்படியல்ல. என்னைப் போன்ற சாதாரணமானவர்கள் ஒலிம்பிக் தூரத்தை மூன்று மணித்தியாலம் அளவில் முடிப்பார்கள். அரைத் தூரத்துக்கு ஆறு முதல் எட்டு மணித்தியாலம் வரை வேண்டும். வழமையாக எட்டரை மணித்தியாலத்தோடு போட்டியை மூடிவிடுவார்கள்.

நமது தசைகளிலும் ஈரலிலும் கிளைக்கோசனாகச் சேமித்து வைக்கப்பட்டிருக்கும் காபோவைதரேற்று, கடுமையான உழைப்புக்கு ஒன்றரை முதல் இரண்டு மணித்தியாலம் அளவுக்கே போதும். அதற்குப் பின் ஓடிக்கொண்டே சாப்பிட வேண்டும். ஓடும் உடலோ இரத்தத்தைக் கால்களுக்கு அனுப்பிவிட்டு வயிற்றைப் பட்டினி போடுகிறது. எனவே தூரம் கூடும்போது கால் பலத்தோடு வயிற்றின் பழக்கமும் சோதிக்கப்படுகிறது.

1982 பெப்ரவரியில் ஹவாய்ப் போட்டியில் ஜூலி மொஸ் என்ற மாணவி பெண்களில் முதலாவதாக வந்துகொண்டிருந்தார். உடற்றொழிலியல் பற்றிய தனது ஆய்வுக்காகவே அவர் போட்டியில் சேர்ந்திருந்தார். எல்லைக் கோட்டுக்குச் சற்று முன்னே கால்கள் மடங்கி விழுந்தார்; எழுந்தார்; மீண்டும் விழுந்தார். கத்லீன் மெக்கார்ட்னி அவரைக் கடந்து போய் வென்றார். ஜூலி தவழ்ந்து வந்து 29 செக்கன் வித்தியாசத்தில் இரண்டாமிடம் பெற்றார். அந்தக் காட்சியை மனவுறுதிக்கு உதாரணமாகக் காட்டுவார்கள். எனக்கு அதில் இன்னொரு பாடமும் தெரிகிறது. அவரிடம் மனவுறுதி நிறைய இருந்தது, உடலில்தான் எரிபொருள் தீர்ந்துபோயிருந்தது. மனவுறுதி இருக்கிறது என்பதற்காக நாம் தயார் என்று ஆகிவிடாது.

நான் செய்த பிழை

முதலாவது ஒலிம்பிக் தூரத்தை 3 மணித்தியாலம் 10 நிமிடத்தில் முடித்தேன். பதக்கத்தோடு எடுத்த படத்தைப் பார்த்துப் பார்த்து மகிழ்ந்தேன். மூன்று வாரத்தில், வெளிநாட்டில் நடக்கவிருந்த ஓர் அரைத் தூரப் போட்டிக்குப் பணம் கட்டிவிட்டேன். கையில் இருந்தது பதினான்கு வாரம்.

வாரத்துக்கு ஐந்து மணித்தியாலமாக இருந்த பயிற்சியைப் பன்னிரண்டாக்கினேன். அந்த ஏழு மணித்தியாலத்தையும் தூக்கத்திலிருந்து எடுத்தேன். உடல் மெலிந்தது. "வடிவா ஈக்கிறீங்க" என்று அலுவலகத்தில் எல்லோரும் சொன்னார்கள். மூன்று மாதம் மாதவிடாய் வரவில்லை. பயிற்சிக்கு வசதியாகப் போயிற்று என்று நினைத்தேனே தவிர, அது ஓர் எச்சரிக்கை என்பது எனக்குப் புரியவில்லை. ஒன்பதாவது வாரம் முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஒரே இடத்தில் வலித்தது. மாத்திரை போட்டுக்கொண்டு ஓடினேன். பதினோராவது வாரம் படியிறங்க முடியவில்லை. எலும்பில் மயிரிழை வெடிப்பு என்றார் டொக்டர். எட்டு வாரம் ஓடக் கூடாது என்றார். கட்டிய பணம் திரும்பி வரவில்லை.

பணத்தைவிட வேறொன்று அதிகம் வலித்தது. உம்மாவைச் சீனி வருத்தக் கிளினிக்குக்குக் கூட்டிப்போவது என் பொறுப்பு. அந்தப் பதினொரு வாரத்தில் மூன்று முறையும் தம்பியை அனுப்பிவிட்டுச் சைக்கிளில் போயிருந்தேன். காலை நீட்டிக்கொண்டு கட்டிலில் கிடந்த எனக்குச் சோறு கொண்டுவந்த உம்மா ஏசவில்லை. "மகள், ஒரு நாள் ஓட்டம்தானே அது? அதுக்கு ஏன் இத்தன மாசம் ஊட்டுல இல்லாமப் போன?" என்று மட்டும் கேட்டார்.

உம்மாவின் கேள்வியில் எனக்குத் தேவையான பதிலும் இருந்தது. போட்டி ஒரு நாள்தான். ஆனால் பணம் கட்டும்போது நாம் ஒப்புக்கொள்வது அதற்கு முந்திய வாரங்கள் அனைத்தையும்தான். "அந்த நாளில் என்னால் முடியுமா?" என்று நான் கேட்டிருந்தேன். "அந்த வாரங்களை என் உடலும் என் வீடும் தாங்குமா?" என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்!

இப்போது நான் கேட்டுக்கொள்ளும் ஐந்து கேள்விகள்

1. முந்திய தூரத்தை எப்படி முடித்தேன்? முடித்தேனா என்பது போதாது. பதக்கப் படத்தில் தெரியாத ஒன்று: அன்று கடைசி மூன்று கிலோமீற்றரை நான் நடந்தே கடந்தேன், இரண்டு நாள் படியேற முடியவில்லை. இப்போது எனது அளவுகோல் வேறு. ஒலிம்பிக் தூரத்தைக் குறைந்தது இரண்டு முறையாவது செய்திருக்க வேண்டும். ஓட்டத்தின் இரண்டாம் பாதி முதற் பாதியைவிட அதிகம் தளர்ந்திருக்கக் கூடாது. இரண்டு மூன்று நாளில் இலேசான பயிற்சிக்குத் திரும்ப முடிய வேண்டும்.

2. மூன்றில் எனது பலவீனம் எது? அதுதான் தீர்மானிக்கும். எனக்கு அது கடல். 1.9 கிலோமீற்றர் என்பது 25 மீற்றர் தடாகத்தில் 76 நீளம். தடாகத்தில் ஒவ்வொரு 25 மீற்றருக்கும் பிடிக்க ஒரு சுவர் உண்டு; கடலில் இல்லை. அலைக்கு மேலாகத் தலையைத் தூக்கித் திசை பார்க்கப் பழக வேண்டும். மேற்குக் கரையில் ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும். அப்போது பயிற்சி நின்றுவிடும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். நம்மைப் போல் உடலை முழுதாக மறைக்கும் நீச்சலுடை அணிபவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். தளர்வான துணி நீரை இழுக்கும், களைப்பு கூடும். போட்டியில் எதை அணிவோமோ அதிலேயே பழக வேண்டும். எந்த நிலையிலும் கடலில் தனியே நீந்தக் கூடாது.

3. என் வாரத்தில் இடம் இருக்கிறதா? அரைத் தூரத்துக்கு எனக்கு வாரம் எட்டு முதல் பத்து மணித்தியாலம் வீதம் பதினாறு முதல் இருபது வாரம் வேண்டும். ஒரு தாளில் வாரத்தை வரையுங்கள். தூக்கம், வேலை, தொழுகை, வீட்டுப் பொறுப்பு, பிரயாணம் ஆகியவற்றை முதலில் எழுதுங்கள். மிஞ்சும் வெற்றிடத்தில் பயிற்சி அடங்குமா என்று பாருங்கள். நோன்பு மாதம் வருடத்துக்கு ஏறத்தாழ 11 நாள் முன்னே நகர்ந்து வருவதால், இருபது வாரத் திட்டத்தில் அது எங்கே விழுகிறது என்பதையும் பாருங்கள். பிறகு அந்தத் தாளை வீட்டாரிடம் காட்டுங்கள். நமது நேரத்துக்கான விலையை அவர்களும் கொடுக்கிறார்கள்.

4. என் வயிறு பழகிவிட்டதா? நீண்ட போட்டியில் மணித்தியாலத்துக்கு 60 கிராம் அளவில் காபோவைதரேற்று உட்கொள்வது பொதுவான அறிவுரை. ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் இருப்பது ஏறத்தாழ 25 கிராம். மூன்று நான்கு மணித்தியாலச் சைக்கிள் பயிற்சியில் அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை சாப்பிட்டுப் பார்த்தால்தான் எது ஒத்துவரும் என்று தெரியும். தண்ணீருக்கும் அளவு உண்டு. பயிற்சிக்கு முன்னும் பின்னும் நிறை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் சுமார் ஒரு லீற்றர் நீர் போயிருக்கிறது. நிறை கூடியிருந்தால் அளவுக்கு மேல் குடித்திருக்கிறீர்கள். வெறும் தண்ணீரை அளவின்றிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து உயிராபத்தும் நேரலாம்.

5. உடல் என்ன சொல்கிறது? பெண்கள் இதைக் கடைசியில் கேட்கிறோம். முதலில் கேட்க வேண்டியது இதுதான். செலவழிக்கும் சக்திக்கு ஏற்ப உண்ணாதபோது உடல் தன் வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்துகிறது. மாதவிடாய் நிற்பது அதன் ஓர் அடையாளம். அதோடு எலும்பின் உறுதியும் குறைகிறது. சர்வதேச ஒலிம்பிக் குழுவே 2014 இல் இந்நிலையைப் பற்றி விசேட அறிக்கை வெளியிட்டிருக்கிறது. மூன்று மாதம் மாதவிடாய் வராவிட்டாலோ, எலும்பில் ஒரே புள்ளியில் வலித்து ஓட ஓடக் கூடினாலோ பயிற்சியை நிறுத்தி வைத்தியரிடம் போங்கள். ஓயாத களைப்பு இருந்தால் இரும்புச்சத்தையும் சோதித்துப் பாருங்கள். வெட்கப்பட்டு மறைக்கும் விடயமல்ல இது. நான் மறைத்தேன், என் எலும்பு வெடித்தது.

இன்று என் பதில்

ஐந்துக்கும் "ஆம்" என்று வந்தால் நான் தயார். நான்கு வந்தால் தயார் அல்ல. எதில் உழைக்க வேண்டும் என்பது தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இவ்வருடம் அரைத் தூரப் போட்டியொன்றுக்கான விண்ணப்பம் திறந்தபோது இந்தக் கேள்விகளை என்னிடமே கேட்டேன். நான்குக்கு "ஆம்" வந்தது. கடலுக்கு வரவில்லை; 1,200 மீற்றருக்குப் பிறகு எனக்கு இன்னும் மூச்சுத் தடுமாறுகிறது. விண்ணப்பத்தை நிரப்பாமல் மூடினேன். அன்றிரவு கொஞ்சம் அழுதேன் என்பதையும் மறைக்கவில்லை. பின்னர் மூன்றாவது தடவையாக ஒலிம்பிக் தூரத்தைச் செய்தேன். கடைசிக் கிலோமீற்றர் வரை ஓடினேன். அடுத்த வாரம் உம்மாவோடு கிளினிக் வரிசையில் நின்றபோது கால் வலிக்கவில்லை.

கேள்வி கேட்ட தங்கச்சியின் பெயரை விசாரிக்க மறந்துவிட்டேன். இந்த இதழ் அவள் கைக்குக் கிடைத்தால் அவளுக்கு இரண்டு விடயம் சொல்ல வேண்டும். முதலாவது, அரைத் தூரப் போட்டிகள் பொதுவாக 18 வயது நிறைந்தவர்களுக்கானவை. உயர்தரப் பரீட்சை எழுதும் வருடத்தில் மூன்றாவது கேள்விக்கான விடையும் உங்களுக்கே தெரியும். இரண்டாவது, குறுகிய தூரம் தாழ்ந்த தூரமல்ல. ஒலிம்பிக்கில் தனிநபர் தங்கப் பதக்கம் கொடுப்பது 51.5 கிலோமீற்றருக்குத்தான், 226 கிலோமீற்றருக்கு அல்ல.

அடுத்த இல்ல விளையாட்டுப் போட்டிக்கும் வருவேன். உங்கள் தாளைக் கொண்டு வாருங்கள், தங்கச்சி. இம்முறை வாகனத்தைக் காத்திருக்கச் சொல்கிறேன்.