கோட்டையிலிருந்து மகுடத்திற்கு

பாரிஸ் நகரத்து லூவர் காட்சிசாலையில் கண்ணாடிப் பேழைக்குள் ஜொலிக்கும் ‘ரீஜன்ட்’ என்னும் வயிரம், கோல்கொண்டாப் பிரதேசத்துச் சுரங்கத்தில் வெட்டியெடுக்கப்பெற்று, நம் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் கவர்னராயிருந்த தாமஸ் பிட் என்பாரால் 1702-இல் 48,000 வராகனுக்கு வாங்கப்பட்டதாகும். வியாபாரி முதலில் கேட்டது 2,00,000 வராகன். துரையவர்கள் பேரத்தில் சாமானியர் அல்லர்!

410 காரட் எடையிருந்த அக்கல், லண்டனில் இரண்டாண்டு காலம் பட்டை தீட்டப்பெற்று ஏறத்தாழ 140 காரட்டாகச் சுருங்கிய பின்னர், 1717-இல் பிரான்ஸின் ராஜப்பிரதிநிதியான ஆர்லியன்ஸ் கோமகனை அடைந்து, அவருடைய பதவிப் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டு, 1722-இல் பதினைந்தாம் லூயியின் முடிசூட்டு விழாவில் மகுடத்திலும் ஏறியமர்ந்தது. புரட்சிக் காலத்தில், 1792 செப்டம்பரில், பொக்கிஷசாலையினின்று களவு போய், மறு வருஷம் ஒரு பரணின் உத்தரத்துப் பொந்திலிருந்து மீட்கப்பட்டது. பின்பு நெப்போலியன் அதைத் தம் உடைவாளில் பதித்துக்கொண்டார்.

1887-இல் பிரெஞ்சுக் குடியரசு அரச ஆபரணங்களை ஏலமிட்டபோது, விற்காமல் நிறுத்திக்கொண்ட சிலவற்றுள் இதுவும் ஒன்று.