ஒரு அடைமழை, ஒரு கோடை, அப்புறம் பாக்கிப் பணம்

வலங்கைமான் சுற்றுவட்டாரத்தில் புதிதாக எழும் வீடுகளில், வாழையும் முருங்கையும் நின்ற கொல்லை போய், கொரியன் புல்லும் பேவர் பிளாக்கும் அழகுப் பனைகளும் வந்துவிட்டன. கிரகப்பிரவேசத்தன்று பார்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சிதான். ஆறு மாதம் கழித்துப் போனால் புல் திட்டுத்திட்டாகக் காய்ந்திருக்கும், பனையின் குருத்து அழுகியிருக்கும், கான்ட்ராக்டர் போனை எடுக்க மாட்டார். ‘ஏமாற்றிவிட்டான்’ என்று வீட்டுக்காரர் ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார். ஏமாற்றுகிறவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் இத்தகைய ஏமாற்றங்களில் பெரும்பாலானவற்றுக்கு விதை போடுவது கான்ட்ராக்டரின் குணம் அல்ல, பேசிக்கொள்ளும் முறை. டைல்ஸ் ஒட்டுவதைப் போலவே தோட்டத்துக்கும் சதுர அடிக்கு இவ்வளவு என்று ரேட் பேசுகிறோம், நட்டு முடித்த அன்றே முழுப்பணத்தையும் எண்ணிக் கொடுக்கிறோம். நட்ட அன்றைக்கு எந்தச் செடிதான் பச்சையாக இருக்காது?

காவிரிப் படுகையின் மண்ணைத் தெரிந்தவர்களுக்கு இதன் ஆபத்து உடனே புரியும். குடமுருட்டிக் கரையிலும் அதைச் சுற்றிய வயல்களிலும் இருப்பது ஈரத்தில் உப்பி, வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும் களி. மனை போடும்போது அதன் மேல் சவுடு கொட்டி உயர்த்துகிறார்கள். வீடு கட்டிய கொத்துவேலைக் கழிவும் சிமென்ட் கட்டியும் அதிலேயே புதைந்துபோகும். டிப்பரும் ஜேசிபியும் ஏறி இறங்கி மண் இறுகிவிடும். கடைசியில்தான் தோட்டக்காரர் வருகிறார். இறுகிய தரையில் ஒன்றரை அடிக்குக் குழி எடுத்து, செம்மண்ணும் தொழுவுரமும் கலந்து நிரப்பி, நர்சரி மரத்தை இறக்குகிறார். அவசரத்தில் பாலித்தீன் பையைக் கிழிக்காமலே இறக்குவதும் உண்டு. செம்மண் தண்ணீரைச் சட்டென்று உள்ளே விடும், சுற்றியுள்ள களி வெளியே விடாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அந்தக் குழி தொட்டியாக மாறி, காற்றில்லாமல் வேர் அழுகுகிறது. மேலே இலை வாடுவதைப் பார்த்த வீட்டுக்காரர், தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவார். வடிகால் இல்லாத வயலை இந்த ஊரில் யாரும் குத்தகைக்குக்கூட எடுப்பதில்லை. அதே மனிதர்கள், காம்பவுண்டுச் சுவர் நாலு பக்கமும் அடைத்த தோட்டத்தில் மழைத் தண்ணீர் எந்த வழியாக வெளியேறும் என்று கேட்காமலே அட்வான்ஸ் கொடுக்கிறார்கள்.

மழையில் தப்பித்ததைக் கோடை பார்த்துக்கொள்கிறது. மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். ஆறும் வாய்க்காலும் வறண்ட சித்திரையில் புல்தரைக்கு போர்வெல்தான் கதி. அந்தத் தண்ணீர் உப்பா நல்லதா என்று சோதித்த பிறகு புல்லைத் தேர்ந்தெடுத்த கொட்டேஷன் அபூர்வம். சீக்கிரம் பச்சை காட்ட வேண்டும் என்ற நெருக்கடியில் வேலிக்குக் கோனோகார்பஸ் நட்டவர்களும் உண்டு. மகரந்தத்தால் வரும் ஒவ்வாமையையும் குழாய்களைத் துளைக்கும் வேரையும் காரணம் காட்டி 2025-ல் தமிழக அரசு அதை நடுவதற்குத் தடை போட்டது. அன்றைய பில்லில் அந்த மரம் ‘விரைவில் வளரும்’ என்ற ஒரே தகுதியோடு வந்திருக்கும். சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருந்துகொண்டு வாட்ஸ்ஆப் படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பும் மகனுக்குப் படத்தில் தெரிவது நிறம் மட்டுமே. வேர் தெரியாது.

ஆகவே பணம் கைமாறும் நாளை மாற்ற வேண்டும் என்பதே என் வாதம். முன்பணமாக ஒரு பங்கு, நட்டதும் ஒரு பங்கு, தை மாதம் மரங்களை எண்ணிப் பார்த்து ஒரு பங்கு, அடுத்த கோடை தாண்டியதும் மிச்சம். ‘எந்தக் கான்ட்ராக்டர் இதற்கு ஒப்புக்கொள்வார்?’ என்பீர்கள். நியாயமான கேள்வி. ஆந்திராவின் கடியம் நர்சரிகளிலிருந்து லாரியில் மரம் வாங்குகிறவர் அங்கே ரொக்கம் வைக்க வேண்டும், ஆள்கூலி அன்றாடம் போக வேண்டும். அதனால்தான் செடி, மண், கூலி ஆகிய அடக்கம் முழுவதும் முதல் இரண்டு பங்கில் வந்துவிட வேண்டும், அவருடைய லாபம் மட்டும் காத்திருக்கலாம் என்கிறேன். ஒரு வருடப் பராமரிப்புக்குத் தனியாகக் கூலியும் கொடுங்கள். மொத்தச் செலவு கூடும், மறுக்கவில்லை. ஆனால் செத்த தோட்டத்தை இரண்டாம் முறை போடுவதைவிட இது மலிவு. இது கேள்விப்படாத யோசனையும் அல்ல. 2015-ல் மத்திய அரசு அறிவித்த பசுமை நெடுஞ்சாலைக் கொள்கை, சாலையோர மரங்களுக்கான பணத்தை நட்ட எண்ணிக்கையோடு நிறுத்தாமல் பிழைத்த எண்ணிக்கையோடு சேர்த்துக் கட்டியது.

கான்ட்ராக்டர்கள் தரப்பில் இன்னொரு வாதம் உண்டு: நாங்கள் போன பிறகு வீட்டில் யாரும் தண்ணீர் விடுவதில்லை, பழி மட்டும் எங்கள் மேல். பல வீடுகளில் இது உண்மைதான். வயதான பெற்றோர் மட்டும் இருக்கும் வீட்டில் ஆயிரம் சதுர அடிப் புல்லை யார் கவனிப்பது? ஆனால் அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று முதல் நாளே பார்த்துவிட்டுப் புல்லைக் குறைக்கச் சொல்வதும் தொழில் தெரிந்தவரின் வேலைதான். நம் பங்குக்கும் ஒன்று இருக்கிறது: பக்கத்திலேயே நீடாமங்கலத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, மண்ணையும் தண்ணீரையும் சோதித்து அறிக்கையைக் கொட்டேஷனோடு இணைக்கச் சொல்லலாம். பூவரசு, புங்கன், நந்தியாவட்டை, செம்பருத்தி என்று இந்த மண்ணில் பழகியவற்றைக் கேட்டால் பாதிச் சண்டை முன்கூட்டியே தீர்ந்துவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு தகராறு வந்தால் சட்டம் கைவிடவில்லை. வீடு கட்டித் தருவதும் ‘சேவை’தான் என்று லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் 1993-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒப்பந்தம் பேசித் தோட்டம் போட்டுத் தருவதற்கும் அந்த நியாயம் பொருந்தும். மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்ட தோட்டக்காரரின் கதை வேறு, தனிப்பட்ட ஊழிய ஒப்பந்தம் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. 2019-ம் ஆண்டுச் சட்டப்படி கான்ட்ராக்டர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். வலங்கைமான்காரர்களுக்கு அது திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வக்கீல் கட்டாயமில்லை. ஆனால் வாய்ப்பேச்சை வைத்து வழக்கு நிற்காது. மரத்தின் பெயர், உயரம், எண்ணிக்கை, வடிகால், எத்தனை மாதப் பொறுப்பு என்று எழுதிய கொட்டேஷன், பணம் அனுப்பிய ரசீது, தேதியுள்ள படங்கள் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும், நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் ஆணையத்தில் கட்டணம் கிடையாது.