ஐந்து கயிறும் பாக்கு மட்டைத் தட்டும்: நோட்ஸ் படிக்கப் பழகும் வழி

கீபோர்டு வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளிடம், மேற்கத்திய இசையை எழுதும் ஸ்டாஃபின் ஐந்து கோடுகளுக்கும் பெயர் கேட்டால் இ, ஜி, பி, டி, எஃப் என்று கீழிருந்து மேலாக மளமளவென ஒப்பிப்பார்கள். இசைத்தாளை முன்னால் வைத்தால் கதை வேறு. ஒவ்வொரு சுரத்துக்கும் அடிக்கோட்டிலிருந்து எண்ணிக்கொண்டு போவார்கள். அதற்குள் பாட்டு நின்றுவிடும். பெயரை மனப்பாடம் செய்ததுதான் மிச்சம், படிக்கப் பழகவில்லை. கையாலும் காலாலும் தொடங்கினால் இந்தத் திணறல் பெருமளவு குறையும்.

இது புதிய யோசனை அல்ல. பதினோராம் நூற்றாண்டில் இத்தாலியின் அரெஸ்ஸோ நகரில் சிறுவர்களுக்குத் தேவாலயப் பாட்டு சொல்லிக்கொடுத்த துறவி குயிதோ, கோடுகளுக்கு நிறம் தீட்டினார்: எஃப் கோடு சிவப்பு, சி கோடு மஞ்சள். விரல் மூட்டுகளில் சுரங்களைக் குறித்துக் காட்டும் முறையும் பின்னாளில் அவர் பெயராலேயே வழங்கியது. போப் பத்தொன்பதாம் ஜான் அவர் எழுதிய ஏட்டைப் பார்த்து, அதுவரை கேட்டேயிராத ஒரு வரியைத் தாமே பாடியதாகக் குயிதோ தம் கடிதம் ஒன்றில் பதிவு செய்திருக்கிறார்.

கர்நாடக இசையில் நாம் எழுதுவது சுரத்தின் பெயர். மேல் ஸ்தாயி என்றால் எழுத்தின் தலையில் புள்ளி, கீழ் ஸ்தாயி என்றால் அடியில் புள்ளி. ஸ்டாஃபில் பெயர் எழுதுவதில்லை, இடம்தான் சுரம். ஐந்து கோடு, நடுவே நான்கு இடைவெளி. மேலே போகப் போக ஒலி உயரும். ஆகவே முதலில் பழக வேண்டியது ஏற்ற இறக்கம். பெயர் பிறகு வரட்டும்.

இந்த ஏற்ற இறக்கத்தைத் தரையில் ஒரு ஸ்டாஃப் அமைத்துப் பழகலாம். நம் மேட்டுப்பாளையத்தில் அதற்கான சாமான் வீட்டுப் பக்கத்திலேயே கிடைக்கும். ஐந்து கயிறுகளைத் தரையில் அரையடி இடைவெளி விட்டு நீளவாக்கில் கட்டுங்கள். மொத்த அகலம் இரண்டடி வரும். சுரங்களுக்கு ஆறு அங்குல வட்டப் பாக்கு மட்டைத் தட்டுகள். இடைவெளியில் வைத்த தட்டு இரு பக்கக் கயிறுகளையும் தொட்டு நிற்கும். கோட்டுச் சுரம் என்றால் கயிறு தட்டின் நடுவே போகும்.

இங்கேதான் பிள்ளைகள் வழக்கமாகத் தடுமாறுவார்கள். நாலு கோடு நோட்டில் எழுதிப் பழகிய குழந்தை, "கோட்டில் வை" என்றால் தட்டைக் கயிற்றின் மேல்புறம் உட்கார வைக்கும். அது இடைவெளிச் சுரமாகிவிடும். நூறு முறை வாயால் விளக்குவதைவிட, தட்டைக் கையில் கொடுத்து நகர்த்தச் சொன்னால் பட்டென்று புரியும்.

அடுத்தது நடை. கோட்டிலிருந்து பக்கத்து இடைவெளிக்குக் கால் வைத்தால் அடுத்த சுரம். கோட்டிலிருந்து கோட்டுக்குத் தாண்டினால் நடுவில் ஒரு சுரம் விட்டுப்போகும். ஆசிரியர் இரண்டு சுரம் வாசிக்க, ஒலி ஏறியதா இறங்கியதா என்று கேட்டுப் பிள்ளை தட்டை நகர்த்தலாம். கீபோர்டில் ஒலி வலப்பக்கம் ஏறுகிறது, தாளிலோ மேல்நோக்கி ஏறுகிறது. இதில் குழம்பும் பிள்ளைக்குக் கீபோர்டின் வலது முனை மேலே இருக்கும்படி நிமிர்த்திக் காட்டுங்கள்.

கயிறு இல்லாத நேரத்தில் கை இருக்கிறது. உள்ளங்கை முகத்தைப் பார்க்க, விரல்கள் வலப்பக்கம் நீள இடது கையை விரியுங்கள். சுண்டுவிரல் இ, மோதிர விரல் ஜி, நடுவிரல் பி, ஆள்காட்டி விரல் டி, கட்டை விரல் எஃப். விரலிடுக்குகளில் கீழிருந்து எஃப், ஏ, சி, இ.

பெயர்களையும் மொத்தமாகத் திணிக்க வேண்டாம். மலை ரயில் பார்த்து வளரும் நம் ஊர்ப் பிள்ளைக்குக் குன்னூர் நிலையம் தெரிந்தால் போதும். அடுத்தது வெலிங்டன், அதற்கடுத்தது அரவங்காடு என்று சொல்லிவிடும். யாரும் பாதையின் தொடக்கத்திலுள்ள கல்லாற்றிலிருந்து எண்ணுவதில்லை. ஸ்டாஃபிலும் அப்படி ஒரு குன்னூர் உண்டு. ஸ்டாஃபின் தொடக்கத்தில் போடும் ட்ரெபிள் கிளெஃப் குறியின் சுழி, கீழிருந்து இரண்டாம் கோட்டைச் சுற்றி வளைகிறது. அந்தக் கோடுதான் ஜி. அந்தக் கயிற்றுக்கு மட்டும் சிவப்பு நிறம் கொடுங்கள். ஐந்து கோட்டுக்கும் கீழே ஒரு துண்டுக் கயிறு போட்டு, அதில் நடு சி. இந்த இரண்டும் மனத்தில் நின்றால் மற்றவற்றை ஏற்ற இறக்கமே சொல்லிவிடும்.

தமிழ்நாட்டுக்கு இந்த ஐந்து கோடு அந்நியமும் அல்ல. 1890களிலேயே சென்னையில் சின்னசாமி முதலியார் தியாகராஜர் கிருதிகளை ஸ்டாஃபில் எழுதி அச்சிட்டார். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்ற இசையமைப்பாளர் இளையராஜா, வாத்தியக்காரர்களுக்கு வேண்டியதைத் தாளில் எழுதியே கொடுப்பவர். அவர் எழுதியதைப் பார்த்தவுடன் வாசிக்கும் கலைஞர்கள் இருந்ததால்தான் பெரிய வாத்தியக் குழுக்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் சேர்ந்து வாசிக்க முடிந்தது.

பிள்ளையை இசை வகுப்புக்கு அனுப்பும் பெற்றோர், "எத்தனை பாட்டு வாசிக்கிறாய்?" என்று கேட்பதோடு நிறுத்த வேண்டாம். இதுவரை பார்க்காத ஒரு வரியை முன்னால் வைத்து, மெதுவாக வாசிக்கச் சொல்லுங்கள். அது முடிந்தால் ஆசிரியர் இல்லாத நாளிலும் உங்கள் பிள்ளை இசை கற்றுக்கொண்டே இருக்கும்.