பிள்ளைகள் கையில் எந்த நாவலைக் கொடுப்பது?

விருத்தாசலத்திலிருந்து சேத்தியாத்தோப்புக்குச் செல்லும் சாலையில் கம்மாபுரம் என்னும் ஊர் இருக்கிறது. நெல்லும் கரும்பும் விளையும் பூமி. பக்கத்தில் நெய்வேலிச் சுரங்கம். சுற்றுப்புறக் கிராமங்கள் பலவற்றுக்கு இதுவே ஒன்றியத் தலைமையிடம். 2011ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி கடலூர் மாவட்டத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் 100க்குச் சுமார் 78 பேர். எஞ்சிய 22 பேரும் யார் என்று பார்த்தால், பெரும்பாலோர் இன்று பள்ளி செல்லும் பிள்ளைகளின் பாட்டன் பாட்டிமாராகவும், சில வீடுகளில் தாய் தந்தையராகவும் இருப்பர். ஆகவே, வீட்டில் பாடபுத்தகத்தைத் தவிர வேறு புத்தகத்தைக் கண்டறியாத பிள்ளைகள் இப்பக்கத்தில் அனேகர். இத்தகைய பிள்ளைக்கு 12 வயது நிரம்பியதும் எந்தக் கதைப்புத்தகத்தைக் கொடுப்பது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம்.

இது அற்ப விஷயம் என்று நேயர்களிற் சிலர் எண்ணக்கூடும். தேச காரியங்கள் எத்தனையோ இருக்க, சிறுவர் படிக்கும் நாவலைப் பற்றி ஒரு வியாசமா என்று கேட்கவும் கூடும். அவர்களுக்கு நாம் சொல்லுவது இது: கூட்டத்தில் பேசப்படுவதைக் கேட்டுத் தலையசைப்பவனுக்கும், வீட்டுக்குச் சென்று நாலு பக்கம் படித்துப் பார்த்து, சொன்னது மெய்யோ பொய்யோ என்று தானே நிச்சயிப்பவனுக்கும் உள்ள பேதம் பெரிது. பின்னவனே சுதந்திர தேசத்தின் பிரஜை. அவ்வித வாசகன் 20ஆம் வயதில் திடீரென்று முளைப்பதில்லை. 12 முதல் 15 வரையுள்ள மூன்று நான்கு ஆண்டுகளிலேயே அவன் உண்டாகிறான். அல்லது உண்டாகாமலே போகிறான்.

அவ்வயதுக்கு ஒரு விசேஷம் உண்டு. அம்புலிமாமா 1947இல் தோன்றிய காலந்தொட்டு, வேதாளத்துக்கும் ராஜகுமாரனுக்கும் தமிழ்க் குழந்தைகளிடத்தில் குறைவிருந்ததில்லை. ஆனால் 12 வயதானவன் அவற்றைச் சின்னப் பிள்ளைகளின் கதை என்று ஒதுக்கிவிடுகிறான். பெரியவர்களின் நாவலை எடுத்தாலோ, அங்கே வருவன கடனும் கலியாணமும் தாம்பத்தியக் கசப்பும். அவை அவனுக்கு எட்டுவதில்லை. முன்னது கைவிட்டுப் போய்ப் பின்னது கைக்கு வராத இந்த இடைவெளியில் கை வெறுங்கையாக நிற்கிறது. வெறுங்கையில் கைபேசி வந்து அமர்வதில் ஆச்சரியம் என்ன? கைபேசியை வைது பயனில்லை. அதற்கு ஈடாக நாம் எதை நீட்டினோம் என்று நம்மையே கேட்டுக்கொள்வது நலம்.

நாவல் படித்தால் பாடம் கெடும், புத்தி கெடும் என்னும் ஆட்சேபம் பழமையானது. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் அச்சேறிய நாள்முதல், தமிழில் நாவலும் வளர்ந்தது. நாவலைப் பற்றிய அச்சமும் கூடவே வளர்ந்தது. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோரின் துப்பறியும் கதைகளைப் பெரியவர்கள் கடிந்தார்கள். பிள்ளைகளோ ஒளித்துவைத்துப் படித்தார்கள். ஒன்று மட்டும் நிச்சயம். நீதிநூல்கள் எத்தனை பேரைப் படிக்கத் தூண்டினவோ நாம் அறியோம். அடுத்து என்ன நடந்தது என்னும் ஆவலே தமிழ் மக்களில் பெருந்தொகையினரைப் பத்திரிகைக்கும் புத்தகத்துக்கும் பழக்கியது. பாடத்துக்கும் இதனால் கெடுதி இல்லை. நாவலொன்றை முடித்த பிள்ளைக்கு நீண்ட வாக்கியம் அச்சம் தருவதில்லை. கணக்கிலும் விஞ்ஞானத்திலும் வினாவையே புரிந்துகொள்ளாமல் தவறும் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை ஆசிரியர்கள் நன்கறிவர்.

நிற்க. புத்தகம் தெரிந்தெடுக்கும் பெரியவர்கள் பொதுவாகச் செய்யும் பிழை யாது? தாம் மதிக்கும் நூலைக் கொடுக்கிறார்கள். பிள்ளை விரும்பும் நூலைக் கொடுப்பதில்லை. பள்ளி விழாக்களில் பரிசாக வழங்கப்படும் புத்தகங்களைப் பாருங்கள். மகான்களின் சரித்திரம், பொன்மொழித் திரட்டு, பொது அறிவு வினாவிடை! அவை நல்ல நூல்களே. ஆயினும் பசித்தவனுக்கு மருந்து கொடுப்பதைப் போன்றது இச்செய்கை. மருந்து உத்தமமானதாயினும் பசி தீராது. வாசிப்பு என்றாலே கசப்பு என்னும் எண்ணந்தான் மிஞ்சும்.

ஆதலின், இவ்வயதினர்க்கு நாவல் தெரிந்தெடுக்கும்பொழுது முதலில் நாட வேண்டியது சுவையே. சுவையை அறிய வழி உண்டா என்றால், உண்டு. முதல் 10 பக்கத்துக்குள் விடை தெரியாத ஒரு கேள்வி எழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கதையின் தலைவனோ தலைவியோ, படிக்கும் பிள்ளையின் வயதினராகவோ ஓரிரண்டு வயது மூத்தவராகவோ இருந்தால் நலம்; பிள்ளைகள் தம்மிலும் இளையவரின் கதையை விரும்புவதில்லை. பெரியவர் துணையின்றித் தானே முடிவுசெய்ய வேண்டிய இக்கட்டு ஒன்றேனும் அத்தலைவனுக்கு நேர வேண்டும். அத்தியாயங்கள் சிறியனவாய், ஒவ்வொன்றும் அடுத்ததைப் புரட்டச் செய்வதாய் இருக்க வேண்டும். கடைசியாக, அநீதி ஒன்றைக் கண்டு நெஞ்சு கொதிக்கும் இடம் ஒன்று இருக்குமானால் அந்நூல் பிள்ளையை விடாது. ஏனெனில், நியாய அநியாயத்தை மிகக் கூர்மையாக உணரும் பருவம் அது.

ஆங்கில எழுத்தாளர் ஸ்டீவன்ஸன், 1881ஆம் ஆண்டு மழைநாளொன்றில் 13 வயதுப் பையனாகிய தம் மனைவியின் மகனோடு உட்கார்ந்து, கற்பனைத் தீவொன்றின் படத்தை வரைந்து விளையாடினார். அப்படத்திலிருந்து கதை பிறந்தது. எழுத எழுத வீட்டாருக்கு வாசித்துக் காட்டினார். பையனின் ஆவலே உரைகல்லாயிற்று. 1883இல் நூலாக வந்த புதையல் தீவு இன்றும் உலகமெங்கும் படிக்கப்படுகிறது. நீதி போதிக்க அவர் அதனை எழுதவில்லை. ஆயினும் துணிவு, துரோகம், நன்றி ஆகியவற்றைப் பற்றி அது பிள்ளைகளுக்குச் சொல்லுவதைப் பத்துப் பிரசங்கங்களும் சொல்லா.

அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்பது கம்மாபுரத்துப் பிள்ளைகளின் பாக்கியம். அவர்கள் ஊரிலிருந்து சேத்தியாத்தோப்பைக் கடந்தால் வீராணம் ஏரி. கல்கி 1950 முதல் 1954 வரை எழுதிய பொன்னியின் செல்வன், ஆடிப் பெருக்கு நாளில் இவ்வேரிக் கரைமீது வந்தியத்தேவன் குதிரையேறி வருவதிலேதான் தொடங்குகிறது. கதையில் சதி நடக்கும் கடம்பூரும் காட்டுமன்னார்கோயில் பக்கத்து ஊரே. இன்று சென்னை நகரத்துக்குக் குடிநீர் அனுப்பும் அந்த ஏரியின் கரையில்தான் அவ்வளவும் நடந்ததாகக் கதை என்று ஒரு பையனிடம் சொல்லிப் பாருங்கள். அவன் புத்தகத்தைக் கேட்பான். ஆனால், ஐந்து பாகங்களையும் ஒருமிக்க அவன் தலையில் சுமத்துதல் கூடாது. அவர் 1941 முதல் 1943 வரை எழுதிய பார்த்திபன் கனவை முதலில் கொடுக்கலாம். அது சிறியது, விடுதலைப் போரில் சிறை சென்ற ஆசிரியர், அடிமை நாளில், தந்தையின் சுதந்திரக் கனவை நிறைவேற்றப் புறப்படும் ராஜகுமாரன் ஒருவனைப் பற்றி எழுதியது. அதை முடித்தவன் பெரியதைத் தானே தேடி வருவான். கல்கியின் நூல்கள் நாட்டுடைமையானவை. ஆகையால் மலிவுப் பதிப்புகளும் கிடைக்கின்றன.

ராஜா ராணிக் கதை மட்டும் போதுமா? போதாது. தன்னைப் போன்ற ஒரு பிள்ளையைப் புத்தகத்தில் காண்பதும் வேண்டும். கடலூரில் ஆசிரியப் பணி புரிந்த இரா. நடராசன் எழுதிய ஆயிஷா என்னும் குறுநாவல் இங்கே முதலிற் சொல்லத்தக்கது. கேள்வி கேட்ட குற்றத்துக்காக வகுப்பில் அடிபடும் சிறுமியின் கதை அது. ஒரே இருப்பில் படித்து முடிக்கலாம். முடிவு துயரமானது, ஆகையால் படித்த பிள்ளையோடு பெரியவர் ஒருவர் உட்கார்ந்து பேசுதல் அவசியம். கி. ராஜநாராயணனின் பிஞ்சுகள், பறவை முட்டை தேடிக் கரிசல் காட்டில் அலையும் சிறுவனின் கதை. வயற்காட்டில் திரிந்த நம் பிள்ளைகளுக்கு அதனை விளக்கிச் சொல்ல ஆள் வேண்டாம். இமயத்தில் பனிமனிதனைத் தேடிச் செல்வோரின் சாகசத்தை ஜெயமோகன் பனிமனிதன் என்னும் பெயரால் எழுதினார். தினமணியின் சிறுவர் மணியில் தொடராக வந்தது அது.

சாகித்திய அகாதெமி 2010 முதல் சிறுவர் இலக்கியத்துக்குத் தனிப் பரிசு வழங்கி வருகிறது. அப்பரிசு பெற்றவற்றுள் யெஸ். பாலபாரதியின் மரப்பாச்சி சொன்ன ரகசியம் (2020), உதயசங்கரின் ஆதனின் பொம்மை (2023), விஷ்ணுபுரம் சரவணனின் ஒற்றைச் சிறகு ஓவியா (2025) ஆகிய மூன்றும் நாவல்களே. முதலாவது, பிள்ளைகளிடம் தகாத முறையில் நடப்பவர்களை எப்படி எதிர்ப்பது என்பதை ஒரு மரப்பாச்சியின் வாய்மொழியாகக் கூறுகிறது. எந்தத் தகப்பனும் தன் மகளிடம் பேசக் கூசும் விஷயத்தை ஒரு கதை பேசிவிடுகிறதென்றால் அதன் பிரயோஜனத்தைச் சொல்லவும் வேண்டுமோ? இரண்டாவது, கீழடியின் பழமையைச் சிறுவனொருவனின் அனுபவமாக்குகிறது. பரிசு பெற்றது என்பதற்காக மட்டும் எதையும் வாங்க வேண்டாம். மேலே சொன்ன சோதனையில் இவற்றையும் வைத்துப் பார்த்தே வாங்குக.

இம்மண்ணின் பேச்சை நாவலாக்கியவர்கள் இமையமும் கண்மணி குணசேகரனும். கோவேறு கழுதைகள், அஞ்சலை முதலிய அந்நூல்களில் விருத்தாசலத்துச் சீமையின் வாழ்வு உள்ளபடி நிற்கிறது. ஆயினும் அவை 16, 17 வயதுக்கு உரியவை. 13இல் கொடுத்தால் துன்பத்தின் பாரம் மட்டும் தெரியும், பொருள் தெரியாது. நல்ல நூலையும் காலத்துக்கு முன்னே கொடுத்தால் அதனை ஆயுள் முழுதும் வெறுக்கச் செய்துவிடலாம்.

கொடுக்கும் முறையும் ஒன்று உண்டு. ஒரு நூலை மட்டும் கொடுக்காமல், ஐந்தாறு நூல்களைப் பரப்பிவைத்து, பிள்ளையே எடுக்கும்படி விட வேண்டும். முதல் அத்தியாயத்தைப் பெரியவரோ ஆசிரியரோ உரக்க வாசித்து, சுவையான இடத்தில் நிறுத்திவிடலாம். பிடிக்காத நூலைப் பாதியில் வைத்துவிட அனுமதி வேண்டும். படித்தபின் பரீட்சை வேண்டாம். நீதி யாது என்ற கேள்வியும் வேண்டாம். பெண்பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவலை தேவை. அந்தி நேரத்தில் பையனுக்குக் கிடைக்கும் ஒரு மணி நேரம், தண்ணீருக்கும் அடுப்படிக்கும் அனுப்பப்படும் பெண்ணுக்குக் கிடைப்பதில்லை. அந்த ஒரு மணியை அவளுக்கு மீட்டுக் கொடுக்காமல் புத்தகத்தை மட்டும் கொடுப்பது வீண்.

புத்தகம் வாங்கப் பணம் எங்கே என்பீர். பணம் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது! கொள்ளிடத்துக்குத் தெற்கே சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்குரிய புத்தகம் கிடைக்க வேண்டும் என்பதை நூலக சாஸ்திரத்தின் விதிகளில் ஒன்றாக 1931இலேயே வகுத்தார். தேசம் விடுதலை பெற்ற மறுவருஷமே, 1948இல், சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் செய்தது. இந்திய மாகாணங்களுள் அதுவே முதலாவது. அச்சட்டத்தின்படி வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலாகிறது. குடிசைக்காரனும் மாடிவீட்டுக்காரனும் செலுத்தும் அவ்வரியில் 13 வயதுப் பிள்ளையின் பங்கும் அடங்கியிருக்கிறது. அப்படியிருக்க, 2006இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ் கிராமந்தோறும் எழுந்த நூலகங்களிற் பல பூட்டிக் கிடந்ததை நாடு கண்டது. பூட்டைத் திறந்தால் மட்டும் போதாது; உள்ளே இவ்வயதினர்க்கு என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

பொதுத் தொண்டில் ஈடுபட்டிருக்கும் அன்பர்களுக்கு இதைவிட எளிய தேச காரியம் வேறில்லை. ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. சாலை, விளக்கு, சாக்கடை ஆகியவற்றைப் பற்றிக் கேட்பவர்கள், நம் ஊர் நூலகம் எத்தனை மணிக்குத் திறக்கிறது, 12 முதல் 15 வயதுப் பிள்ளைகள் படிக்கத் தக்க நாவல்கள் எத்தனை இருக்கின்றன என்னும் இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்கட்டும். விடை இல்லையென்றால், மேற்சொன்ன நூல்களின் பெயர்களை எழுதிக் கொடுத்துத் தருவிக்கக் கோரட்டும். பத்து நாவல்களின் விலை ஒரு கட்சிக் கூட்டத்தின் பந்தல் செலவுக்கும் வாராது. கம்மாபுரத்தில் தொடங்கும் இவ்வேலை பக்கத்து ஊர்களுக்கும் பரவுமானால், இன்னும் பத்தாண்டில் நம் கூட்டங்களுக்கு வருவோர் நம்மைக் கேள்வி கேட்பார்கள். அந்நாளை விரும்புகிறவர்கள் இன்றே புத்தகத்தைத் தெரிந்தெடுக்கட்டும்.