கரிசல் பூமிக்கேற்ற கழிப்பறை

தாகத்தை அடக்கும் ஸ்திரீகள்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் குழாயடியில் காத்திருந்து குடத்தில் பிடித்த தண்ணீரை, ஒரு தடவைக்கு 6 முதல் 10 லிட்டர் வீதம் மலத்தின்மேல் கொட்டி, நல்ல நீரையும் கெடுத்துக்கொள்ளும் முறை, வானம் பார்த்த இப்பிரதேசத்துக்குப் பொருந்தாது என்பதே என் அபிப்பிராயம். தண்ணீரின்றிப் பூட்டிக் கிடக்கும் கழிப்பறையால் பெருந்தீங்கு அடைபவர்கள் பெண்களே. பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் செல்கிறவர்கள், ஒதுங்க இடமில்லையென்று அஞ்சித் தாகத்தையும் சிறுநீரையும் அடக்குவார்களாயின், கிருமிகள் பெருகி, நீர்க்கடுப்பில் தொடங்கும் வியாதி சிறுநீரகம்வரை பரவக்கூடும்.

முசிறி காட்டிய வழி

திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் முசிறியில், காவிரிக்கரையில் மேலாகவே ஊறும் நிலத்தடி நீரை மலக்குழிகள் கெடுப்பது கண்டு, மராச்சி சுப்புராமன் அவர்களின் 'ஸ்கோப்' ஸ்தாபனம், குழி தோண்டாத உரக்கழிப்பறைகளைப் பரப்பிற்று. 2006-இல் சாலியர் தெருவில் பொதுக் கழிப்பறையே எழுந்தது. அங்கே உபயோகிப்போருக்கு ஒரு தடவைக்கு 10 பைசா கொடுக்கவும் செய்தார்கள். 2021-இல் சுப்புராமன் அவர்களுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

கட்டிடத்தின் லட்சணம்

இந்த உரக்கழிப்பறைக்குத் தரைக்கு மேலே இரண்டு அறைகள். அவற்றின்மேல், மலம் அறைக்குள் விழவும், சிறுநீர் தனிக்குழாயில் கேனுக்குச் செல்லவும், கழுவிய நீர் கல்வாழைப் பாத்தியை அடையவுமாக மூன்றாகப் பிரிந்த பீங்கான். ஒவ்வொரு தடவையும் ஒரு கை சாம்பலைத் தூவினால் ஈரம் வற்றி, காரம் ஏறி, கிருமிகள் மடியத் தொடங்கும். ஓர் அறை நிரம்பியதும் அதை மூடிவிட்டு மற்றதைத் திறக்கவேண்டும். உருண்டைப்புழுவின் முட்டைகள் நெடுநாள் பிழைத்திருக்குமாதலால், மூடியதை ஒரு வருஷத்துக்குக் குறையாமல் அப்படியே விட்டுவைப்பது அவசியம். செப்டிக் டேங்கில் இறங்கிய மனிதர் விஷவாயுவால் மாளும் கொடுமை, மனிதர் மலமள்ளுவதைத் தடைசெய்த 2013-ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பின்னும் ஓயாதபோது, இறங்கவே குழியில்லாத இந்த அமைப்பை நான் பெரிதும் மதிக்கிறேன்.

எந்தச் சாம்பல்?

சிவகாசி வட்டாரத்தாருக்கு விசேஷமாகச் சொல்லவேண்டியது ஒன்றுண்டு. அடுப்பில் விறகெரித்து நன்றாக ஆறிய சாம்பலே தகும். பட்டாசுக் கழிவை எரித்த சாம்பலில் பேரியம் முதலிய உலோக உப்புகள் இருக்கக்கூடுமாதலால், அதை ஒருபோதும் சேர்க்கலாகாது. காஸ் அடுப்பு வந்த வீடுகளில் உலர்ந்த மண்ணோடு சுண்ணாம்புத்தூளைக் கலந்து வைத்துக்கொள்ளலாம்.

பருத்திக்கு உரம்

வயது வந்த ஒருவர் வருஷத்தில் கழிக்கும் சுமார் 500 லிட்டர் சிறுநீரில்தான் நம் கழிவிலுள்ள தழைச்சத்தின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. அச்சிறுநீரை இறுக மூடிய கேனில் 1 முதல் 6 மாதம் வைத்திருந்து, நீர் கலந்து, இலையில் படாமல் மண்ணில் விட்டால், கரிசல் பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் வாங்கும் யூரியாவின் செலவு குறையும்.