புல்வெளியை எண்ணிய கண்கள்

பழனி மலையில் ஒரு செடி இன்னும் இருக்கிறதா என்று அறிய, அன்று நடந்துபோய்ப் பார்ப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. செண்பகனூர் சேசு சபைத் துறவிகள் முதல், திருச்சி ராபினாட் உலர்தாவரக் காப்பகத்தை வளர்த்த கே. எம். மேத்யூ அடிகளார் வரை எல்லாரும் சரிவு சரிவாக ஏறி இறங்கியவர்கள்தாம். பறித்த செடியைத் தாளுக்கிடையே அழுத்தி உலர்த்தி, இடம், உயரம், தேதி, பூவின் நிறம் எல்லாம் எழுதிச் சீட்டு ஒட்டுவார்கள். உலர்ந்தபின் நிறம் நிற்காது. ஆகவே அதை அங்கேயே எழுதியாக வேண்டும்.

அவர்கள் நடந்த புல்வெளிக்கு அரசு ஏடுகளில் தரிசு என்றே பெயர். தோல் பதனிடப் பட்டை, விறகு, கூழ் என்று காரணம் சொல்லி அதில் சீகை, யூகலிப்டஸ், பைன் மரங்களை நட்டார்கள். நட்ட இடத்தோடு சீகை நிற்கவில்லை.

இழப்பின் அளவைக் காட்டியது செயற்கைக்கோள். 1972இல் ஏவிய முதல் லேண்ட்சாட்டின் படங்களிலிருந்து தொடங்கி, 1973க்கும் 2014க்கும் இடையே நடந்ததை ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மரத்தோப்பாகவும் விளைநிலமாகவும் மாறிவிட்டது என்று 2018இல் வெளியான அந்த ஆய்வு சொன்னது. எனக்கு அது இன்னும் ஆறாத செய்தி. அங்கேதான் குறிஞ்சியும், புல்லுக்குள் ஒளிந்து பூக்கும் தரை ஆர்க்கிடுகளும் வாழ்கின்றன. 2024இல் நீலக்குறிஞ்சியே அழிவாய்ப்புள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

ஆனாலும் வானத்துக் கண்ணுக்குச் செடி தெரியாது. இன்றைய லேண்ட்சாட் படத்தில்கூட ஒரு புள்ளி என்பது முப்பது மீட்டர் சதுரம். அதற்குள் ஓர் ஆர்க்கிடு எங்கே தெரியும்? இந்த இடத்தில்தான் வாழிட மாதிரி உதவுகிறது. செடி முன்பு கிடைத்த இடங்களின் உயரம், மழை, வெப்பம், சரிவு ஆகியவற்றைக் கணினி படித்து, அதே இயல்புள்ள வேறு இடங்களைக் குறித்துத் தருகிறது. அந்த 'முன்பு கிடைத்த இடம்' வருவது பழைய சீட்டுகளிலிருந்து. ஊர்ப்பெயரும் உயரமும் மட்டும் எழுதிய சீட்டென்றால், கணிப்பு பல கிலோமீட்டர் தவறும். நல்ல வாழிடம் என்று குறித்த சரிவில் இன்று சீகை அடர்ந்திருக்கவும் கூடும்; ஆகவே அந்த வரைபடத்தின்மேல் புதிய செயற்கைக்கோள் படத்தையும் வைத்துப் பார்க்க வேண்டும்.

வானத்திலிருந்து பார்த்தாலே உண்மை கிடைத்துவிடும் என்பதும் இல்லை. நாட்டின் வனப்பரப்புக் கணக்கும் செயற்கைக்கோள் படத்தில்தான் நடக்கிறது. அதில் ஒரு ஹெக்டேரில் பத்து விழுக்காடு மரநிழல் இருந்தால் போதும். எந்த மரமானாலும் அது காடு. புல்வெளியை விழுங்கிய சீகையும் அங்கே வரவில் ஏறுகிறது. புல்வெளியைப் புல்வெளியாக எண்ணும் தனிக் கணக்கு வேண்டும்.

நீலக்குறிஞ்சி 2018இல் பூத்தது, அடுத்தது 2030. அதற்குள் காப்பகங்களின் சீட்டுகளை ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றி, மாதிரி காட்டும் சரிவுகளைக் குறித்துவைத்தால், பூக்கும் பருவத்தில் எங்கே ஏறிப் பார்ப்பது என்று வனக்காவலர்களுக்கும் மலைவாழ் மக்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடலாம்.